வானத்தில் கைகாட்டி மரம் இல்லை

கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து ஈப்போவுக்குக் காரில் கிளம்புகிறவருக்கு வழியைப் பற்றிய கவலை பெரிதாக இருக்காது. வடக்கு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் போதும். பச்சைப் பலகைகள் ஊர்ப்பெயரைச் சொல்லும், ஓரத்துக் கற்கள் தூரத்தைச் சொல்லும். சந்தேகம் வந்தால் ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு தேநீரைக் குடித்துவிட்டு யாரையாவது கேட்கலாம். இதே பயணத்தை நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றில் செய்வதாக வைத்துக்கொள்வோம். சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் மேரு கீழே கடந்துபோகும். அதற்குப் பிறகு சாலை இல்லை, பலகை இல்லை, நிறுத்திக் கேட்க ஓரமும் இல்லை. இறக்கைக்கு மேலே வானம், கீழே ஒரே பச்சையாய்ச் செம்பனைக் காடு. ஆனாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஈப்போ ஓடுபாதை விமானியின் கண்முன் வந்து நிற்கிறது. எப்படி?

ஜிபிஎஸ் காட்டிவிடும் என்று உடனே பதில் வரும். காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அது வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனிதர்கள் ஊர்விட்டு ஊர் பறந்தார்கள். இன்றும் பயிற்சி விமானிகள் காகித வரைபடத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டே இந்தக் கலையைத் தொடங்குகிறார்கள். அவர்கள் கற்பது வழி கண்டுபிடிக்கும் முறை மட்டுமன்று. தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது, எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பதற்கான ஓர் அறிவியலும் அதற்குள் இருக்கிறது.

சொந்த விருப்பத்துக்காகப் பறக்கிறவர் பெறும் அனுமதிக்குத் தனியார் விமானி உரிமம் என்று பெயர். ஐசிஏஓ என்ற பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோல்படி, அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் ஆசிரியர் இல்லாமல் தனியாக. அந்தப் பத்திலும் 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பறத்தலாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கிராஸ் கன்ட்ரி எனப்படும் இதை நாம் நெடும்பறப்பு என்று சொல்லலாம். ஒரு நெடும்பறப்பாவது 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி ஏறியதாக இருக்க வேண்டும். தெரிந்த ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஏறவும் இறங்கவும் கை பழகும். தெரியாத ஊரைத் தேடிப் போகும்போதுதான் முடிவெடுக்க மனம் பழகும்.

சரி, பயணத்தைத் திட்டமிடுவோம். 1956 முதல் உற்பத்தியாகி 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட செஸ்னா 172, உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் விமானம். அதன் பயண வேகத்தைக் கணக்கு எளிமைக்காக மணிக்கு 200 கிலோமீட்டர் என்று கொள்வோம். சுபாங்கிலிருந்து ஈப்போ நேர்க்கோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். நாம் அந்த நேர்க்கோட்டை விட்டுவிட்டு மேற்கே மேருவைத் தாண்டிக் காப்பார் கடற்கரைக்குப் போய், கரையோரமாக வடக்கே திரும்பி, கோலசிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம், தெலுக் இந்தான் வழியே ஈப்போ போவோம். தூரம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஆகிவிடும், நேரம் ஒரு மணி. முப்பது கிலோமீட்டர் கூடுதல்தான். ஆனால் இடப்பக்கம் மலாக்கா நீரிணை ஒரு வேலிபோல் கூடவே வருகிறது. கடல் இடப்பக்கம் இருக்கும்வரை விமானி பெரிதாகத் தவறிவிட முடியாது.

கிளம்புவதற்கு முன்பே விமானி வரைபடத்தில் கோடு போட்டு, ஒவ்வோர் அடையாளத்துக்கும் எத்தனையாவது நிமிடத்தில் வருவோம் என்று எழுதிக்கொள்கிறார். 15-ஆவது நிமிடம் கோலசிலாங்கூர், 32-ஆவது நிமிடம் சபாக் பெர்ணம், 41-ஆவது நிமிடம் தெலுக் இந்தான். திசைகாட்டியும் கடிகாரமும் வேகமும் தெரிந்தால் இருக்கும் இடம் தெரியும் என்ற இந்த முறையைக் கணிப்பு வழிசெலுத்தல் என்று அழைக்கலாம். கப்பலோட்டிகளிடமிருந்து விமானிகள் பெற்ற சொத்து இது.

இங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. ஆற்றைச் சம்பானில் கடக்கிறவரைக் கவனியுங்கள். எதிர்க்கரைத் துறைக்கு நேராக மூக்கை வைத்துத் துடுப்புப் போட்டால், நீரோட்டம் படகைக் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும். பழகியவர் துறைக்குச் சற்று மேலே குறிவைப்பார். படகின் மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், படகு வேறு பக்கம் போகும், சேரவேண்டிய இடத்தில் சரியாகச் சேரும். விமானமும் அப்படித்தான். அது காற்று என்னும் ஆற்றில் மிதக்கும் படகு. மூக்கு நோக்கும் திசையை முகத்திசை என்போம். தரையின்மீது அது உண்மையில் வரையும் கோட்டைத் தடம் என்போம். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் காற்று தீர்மானிக்கிறது.

தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், 18 நிமிடப் பறத்தல். மேற்கே கடலிலிருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்போம். கன்னத்தில் இதமாகப் படும் காற்றுதான் அது. அதைக் கணக்கில் கொள்ளாமல் மூக்கை நேராக ஈப்போவை நோக்கி வைத்தால், 18 நிமிடத்தில் காற்று விமானத்தை 6 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிடும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் சரிவுகள் நிற்கின்றன. ஆகவே விமானி மூக்கை ஆறு டிகிரி மேற்கே திருப்பி வைத்துப் பறக்கிறார்.

காற்றைப் பற்றி இன்னொரு புதிர். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளி, திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றால், லாபமும் நட்டமும் சமமாகிவிடும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிலோமீட்டர் தூரம், 200 கிலோமீட்டர் வேகம், காற்று பலமாக 40. போகும்போது தரைமீது வேகம் 240, எனவே 50 நிமிடம். திரும்பும்போது வேகம் 160, எனவே 75 நிமிடம். மொத்தம் 125 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 120 நிமிடம்தான். உதவும் காற்றில் நாம் இருந்தது 50 நிமிடம், தடுக்கும் காற்றில் இருந்தது 75 நிமிடம். தடுப்பதற்கு அதிக நேரம் கிடைத்துவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் போய்வரும் பயணத்தில் எரிபொருள் கூடுதலாகத்தான் செலவாகும். இது தெரியாத புதியவர் போகும்போது கிடைத்த லாபத்தை நம்பி, திரும்பும்போது டாங்கைப் பார்த்துத் திகைப்பார்.

சரி, காற்று இருபது என்று வானிலை அறிக்கை சொன்னது. உண்மையில் அது முப்பதாக இருந்தால் எப்படித் தெரியும்? விமானத்துக்குள் இருக்கிறவருக்குக் காற்று உறைக்காது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவருக்கு ரயிலின் வேகம் காலில் தெரியாதது போல. தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோலசிலாங்கூருக்கு 15-ஆவது நிமிடத்தில் வரவேண்டியவர் 18-ஆவது நிமிடத்தில் வந்தால், எதிர்க்காற்று தாம் கணித்ததைவிடப் பலமானது என்று அறிகிறார். அந்த மூன்று நிமிடம்தான் அளவீடு. முழு விமானமும் காற்றை அளக்கும் கருவியாகிவிட்டது. அந்த அளவீட்டை வைத்து அடுத்த ஊர்களின் நேரத்தையும் தேவைப்படும் எரிபொருளையும் திருத்தி எழுதுகிறார்.

பக்கவாட்டில் விலகினால் திருத்துவதற்கு அறுபதுக்கு ஒன்று என்னும் அழகான விதி இருக்கிறது. 60 கிலோமீட்டர் பறக்கும்போது திசையில் ஒரு டிகிரி பிசகினால், முடிவில் ஒரு கிலோமீட்டர் விலகியிருப்போம். காரணம் எளிது. 60 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 377 கிலோமீட்டர். ஒரு வட்டத்துக்கு 360 டிகிரி. வகுத்தால் டிகிரிக்கு ஒரு கிலோமீட்டரும் சொச்சமும் வரும். தெலுக் இந்தானைத் தாண்டி 30 கிலோமீட்டர் வந்த பிறகு, கோட்டுக்கு 2 கிலோமீட்டர் வலப்பக்கம் இருப்பதாகக் கண்டால், பிசகு 4 டிகிரி. இடப்பக்கம் 4 டிகிரி திரும்பினால் விலகல் மேலும் வளராது. இன்னொரு 4 டிகிரி திரும்பினால், மீதியுள்ள 30 கிலோமீட்டரில் விலகிய தூரமும் சரியாகி ஈப்போவில் போய்ச் சேரலாம். கருவி தேவையில்லை, வாய்ப்பாடு போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. அடுத்து வருவது மனித மனம், அதுதான் கடினமான பகுதி. நம் வழியில் மூன்று பெரிய ஆறுகள் வருகின்றன. கோலசிலாங்கூரில் சிலாங்கூர் ஆறு, சபாக் பெர்ணத்தில் பெர்ணம் ஆறு, தெலுக் இந்தானில் பேராக் ஆறு. மூன்றும் பழுப்பு நிறம், மூன்றும் வளைந்து வளைந்து மேற்கே கடலில் கலப்பவை. சற்றுக் களைத்த ஒருவர் பெர்ணம் ஆற்றைப் பார்த்து, ‘ஆ, தெலுக் இந்தான் வந்துவிட்டது’ என்று முடிவுகட்டிவிட்டார் என்போம். அதன்பின் கண்ணில் படுவதையெல்லாம் அந்த முடிவோடு பொருத்திவிடுவார். அதோ ஓர் ஊர், அதோ ஒரு பாலம், வரைபடத்திலும் ஊரும் பாலமும் இருக்கின்றன. விருப்பத்துக்கு ஏற்றதைப் பொறுக்கிக்கொண்டு ஒவ்வாததை விட்டுவிடும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் உறுதிப்படுத்தல் சாய்வு என்கிறார்கள். வழி தவறிய விமானிகள் பலர் இந்தச் சாய்வில் சறுக்கியவர்கள்தாம்.

அதற்கு மருந்தாக ஆசிரியர்கள் ஒரு வரிசையைக் கற்றுத்தருகிறார்கள்: கடிகாரம், வரைபடம், தரை. முதலில் நேரத்தைப் பார். அந்த நேரத்துக்கு எங்கே இருக்கவேண்டும் என்று வரைபடத்தில் பார். அங்கே என்ன தெரியவேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு, கடைசியாகத் தரையைப் பார். தரையில் கண்டதை எடுத்துக்கொண்டு வரைபடத்தில் தேடாதே. 32-ஆவது நிமிடத்தில் தெரியும் ஆறு பெர்ணமாகத்தான் இருக்க முடியும், மனம் எதை விரும்பினாலும் சரி. அறிவியல் ஆய்வாளர் சோதனைக்கு முன்பே தம் கணிப்பை எழுதிவைத்துவிட்டுப் பிறகு விளைவைப் பார்ப்பது இதே காரணத்துக்காகத்தான். கணிப்பு முன்னால் வந்தால் உலகம் அதை மறுக்க இடமிருக்கும்.

அடையாளங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பம் உண்டு. தெலுக் இந்தானுக்குப் போனவர்கள் 1885-இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தை மறக்கமாட்டார்கள். உயரத்தில் பறக்கும் விமானிக்கு அது கூரைகளுக்கு நடுவே ஒரு புள்ளி. ஊரை அணைத்துக்கொண்டு வளையும் பேராக் ஆறுதான் அவருக்குப் பெரிய அடையாளம். செகிஞ்சான் வயல்கள் ஒரு பருவத்தில் பச்சை, இன்னொரு பருவத்தில் பொன்னிறம். அதனால் நிறத்தை நம்பாமல், சதுரம் சதுரமாக வெட்டிய வாய்க்கால் கோடுகளை நம்ப வேண்டும். ஈப்போவை நெருங்கும்போது பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் கண்ணாடித் துண்டுகளாய் மின்னும். அவை ஏராளம், ஒன்றுபோல் இருப்பவை, தனியே எதையும் நிரூபிக்காதவை. அவற்றுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஒரு சாட்சி போதாது, ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும்.

இந்த முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குத் தமிழ்நாடுவரை நீளும் ஒரு சான்று உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் தபால் பைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிச் சென்றார். தரையிலிருந்து வழிகாட்டும் வானொலி அவர்களுக்கு இல்லை. கடிகாரம், திசைகாட்டி, வரைபடம், கீழே தெரிந்த ஆறுகளும் ரயில் பாதைகளும் மட்டுமே. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982-இல், 78 வயதில் டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே போன்ற ஒரு பழைய சிறு விமானத்தில் மீண்டும் பறந்து காட்டினார்.

கணக்கும் கவனமும் சரியாக இருந்தாலும் வானிலை அனுமதி தரவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் பிற்பகல் இடிமழை பழகியது. அதன் பொறிமுறை வீட்டு அடுப்பில் இருக்கிறது. உலை கொதிக்கும்போது ஆவி மேலே எழுந்து, மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளியாகச் சொட்டுகிறது அல்லவா? காலை முழுதும் வெயில் நிலத்தைச் சூடாக்குகிறது. நிலத்துக் காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. இதுவே கடற்காற்று. அது தித்திவங்சா மலையில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து பிரம்மாண்டமான இடிமேகங்களாக வளர்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது மிகுதி. ஆகவே சிறு விமானம் ஓட்டுகிறவர் காலையில் கிளம்பி, மேகம் வளருமுன் இறங்கிவிடப் பார்ப்பார். ஆனால் காலை என்றாலே பத்திரம் என்று சொல்லவும் முடியாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திராப் பக்கத்திலிருந்து புயற்காற்று மேகங்கள் வரிசைகட்டி நீரிணையைக் கடந்து, விடியும் முன்னோ விடிந்த சிறிது நேரத்திலோ நம் கரையைத் தாக்குவதுண்டு. வறண்ட மாதங்களில் காட்டுத் தீயின் புகைமூட்டம் வேறு.

கண்ணால் பார்த்துப் பறப்பதைப் பார்வைவழிப் பறத்தல் என்போம். அதற்கு விதி உண்டு. வழக்கமான சிறு விமான உயரங்களில் குறைந்தது 5 கிலோமீட்டர் தொலைவு தெளிவாகத் தெரிய வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மேகம் பஞ்சுதானே, நுழைந்து வெளியே வந்தால் என்ன?

விடை நம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றில் திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்குகிறது, அதை வைத்துச் சுழற்சியை மூளை உணர்கிறது. ஒரு தே தாரிக் கிளாஸை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். முதலில் கிளாஸ் மட்டும் சுழலும், தேநீர் நிற்கும். சுழற்றிக்கொண்டே இருந்தால் தேநீரும் சேர்ந்து சுழலத் தொடங்கும். கிளாஸை நிறுத்தினால் தேநீர் தொடர்ந்து சுழலும். காதிலும் இதுவே நடக்கிறது. விமானம் ஒரே சீராக வளைந்துகொண்டே போனால், சிறிது நேரத்தில் திரவம் ஈடுகொடுத்துவிடும், நேராகப் போவதாகத் தோன்றும். வளைவை நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். கண்ணுக்கு அடிவானம் தெரியும்வரை இந்தப் பொய் அடங்கிக் கிடக்கும். மேகத்துக்குள் போனதும் காது சொல்வதே சட்டமாகிவிடும்.

இது வெறும் ஊகமில்லை. 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து விமானம் ஓட்டவிட்டார்கள். அருகில் ஆசிரியர் இருந்தார். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அவர்களுள் 19 பேரின் விமானங்கள் சுழன்றுகொண்டே கீழிறங்கின. சராசரியாக ஆன நேரம் 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. சில மணி நேரப் பயிற்சியில் கருவியைப் பார்த்து நிதானமாகத் திரும்பி வந்த வழியே வெளியேறக் கற்றுக்கொடுத்ததும், அவர்களால் பெரும்பாலும் தப்ப முடிந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது தன்னம்பிக்கைக்கு வருவோம். புதிய விமானியின் பயம் ஒரு குறையன்று. தெரியாததைத் தெரியாது என்று மனம் ஒப்புக்கொள்ளும் நேர்மை அது. நூறு மணி நேரம் பறந்த பிறகு அந்தப் பயம் தேயும்போதுதான் ஆபத்து நெருங்குகிறது. பால் கிரெய்க் என்ற அமெரிக்க விமானப் பயிற்சியாளர் 2001-இல் வெளியிட்ட நூலில், 50 முதல் 350 மணி நேரம் வரை பறந்தவர்களிடம் உயிர்ப்பலி விபத்துகள் குவிவதாகக் காட்டினார். பின்னர் வந்த புள்ளியியல் ஆய்வு, அந்த ஆபத்துக் காலம் அதைவிட மிக நீளமானதாக இருக்கலாம் என்று திருத்தியது. எல்லைக்கோடு எங்கே என்பதில் வேறுபாடு இருந்தாலும் பாடம் ஒன்றே. துணிச்சல் திறமையைவிட வேகமாக வளர முடியும்.

இரண்டையும் ஒரே அளவில் வைத்திருக்க நெடும்பறப்பு உதவுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் விமானி பத்துப் பதினைந்து கணிப்புகளை எழுதுகிறார். ஒவ்வொன்றையும் தரை சரிபார்க்கிறது. இன்று மூன்று நிமிடம் பிசகு, அடுத்த மாதம் இரண்டு, பிறகு ஒன்று. தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பது போல, அவர் தம் நம்பிக்கையை உண்மையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கிறார். இதை அளவொப்பு என்று அழைக்கலாம். அப்படி வளர்ந்த நம்பிக்கைக்குத் தன் எல்லை தெரியும். கோலசிலாங்கூருக்கு வடக்கே கருமேகம் சுவராக எழுந்து நிற்கிறதா? சுபாங்குக்குத் திரும்பிவிடும். எதிர்க்காற்று கூடிவிட்டதா? விதி கேட்கும் அரைமணி நேரச் சேமிப்பு எரிபொருளைத் தொடுமுன் இறங்கிவிடும். திரும்பி வந்த பயணமும் குறிப்பேட்டில் முழுப் பாடமாகவே பதிவாகிறது.

ஜிபிஎஸ் நல்ல துணை, அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அது ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று மட்டும் சொல்கிறது. எங்கே இருப்பாய் என்று நீ நினைத்தாய், ஏன் அங்கே இல்லை என்ற கேள்வியைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவரிடம் கருவி இருந்தால் இரண்டு சாட்சி. பழகாதவரிடம் இருந்தால் ஒரே சாட்சி.

அடுத்த முறை மேருவின் காலை வானில் ஒரு சிறு விமானத்தின் இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பாருங்கள். உள்ளே ஒருவர் மடியில் வரைபடத்தோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நம் ஊரின் பெயருக்கு எதிரே ஒரு நிமிடத்தைக் குறித்துக்கொண்டிருக்கலாம். நம் பிள்ளைகள் யாராவது பறக்க ஆசைப்பட்டால் தைரியம் இருக்கிறதா என்று முதலில் கேட்காதீர்கள். தான் நினைத்ததை எழுதிவைத்து, அது தவறாகிப் போனால் மனம் கோணாமல் திருத்திக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பழக்கம் இருந்தால் போதும், வானத்தில் கைகாட்டி மரம் தேவைப்படாது.